தானாக அணையும் கம்ப்யூட்டரும் ஆவடிப் பக்கத்து மெக்கானிக்குகளும்

சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றுகிறது, முன்பக்கப் பச்சை விளக்கு எரிகிறது, ஒரு ‘பீப்’ சத்தம் கேட்கிறது. விண்டோஸ் சின்னம் திரைக்கு வருவதற்குள் மொத்தமும் அணைந்துவிடுகிறது. 1990களின் கடைசியில் தொடங்கி ஏறத்தாழ 15 ஆண்டுகள், வீட்டுக் கம்ப்யூட்டரைப் பழுது பார்த்த எந்தக் கடைக்கும் இது பழகிய புகார். ‘சிஸ்டம் ஆன் ஆகி ஆஃப் ஆயிடுது’ என்ற ஒரே வாக்கியத்தில் அது சொல்லி முடிக்கப்படும். இந்தச் சின்னப் புகாருக்குள் ஒரு தொழிலின் வரலாறு அடங்கியிருக்கிறது. அந்த வரலாற்றை இதுவரை தவறான முனையிலிருந்து எழுதி வருகிறோம் என்பது என் துணிபு. சென்னையில் கம்ப்யூட்டர் வந்த கதை என்றால் 2000-ல் தரமணியில் எழுந்த டைடல் பூங்கா, மென்பொருள் நிறுவனங்கள், பயிற்சி மையங்கள் என்றே பேச்சு போகிறது. ஆவடிக்கு வடக்கே, தன் பெயரிலேயே ஓர் ஏரியை வைத்திருக்கும் கோவில்பதாகை போன்ற ஊர்களின் வீடுகளில் கம்ப்யூட்டர் எப்படி நிலைத்தது என்று கேட்டால் பதில் வேறு திசையில் இருக்கிறது. அங்கே அது முதலில் ஒரு மின்சாதனமாகத்தான் உயிர் பிழைக்க வேண்டியிருந்தது. அதைப் பிழைக்க வைத்த அறிவு, ரேடியோவிலும் டி.வி.யிலும் ஸ்டெபிலைசரிலும் பழகிய கைகளிடம் ஏற்கெனவே இருந்தது.

முதலில் புகாரையே பார்ப்போம். அதற்கு ஒரு பிறந்த காலம் உண்டு. 1981-ல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யின் பவர் சப்ளை 63.5 வாட் மட்டுமே கொடுக்கக்கூடியது. அதன் 8088 சில்லுக்குத் தலைமேல் விசிறியோ ஹீட் சிங்க்கோ கிடையாது. அந்தக் காலத்து இயந்திரத்தில் பவர் சுவிட்ச் நேரடியாக 230 வோல்ட் மின்சாரத்தைத் துண்டிக்கும் கனமான சுவிட்ச். மனிதர் கைவைத்து அணைக்க வேண்டும். விண்டோஸ் 95 வேலையை முடித்துவிட்டு ‘இனி நீங்கள் கம்ப்யூட்டரை அணைக்கலாம்’ என்று திரையில் எழுதிக் காட்டிக் காத்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் இதுதான். தன்னை அணைத்துக்கொள்ளும் வழி அந்த மதர்போர்டுக்கு இல்லை. 1995-ல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அமைப்பு வந்த பிறகுதான் பவர் சப்ளையைப் போடவும் நிறுத்தவும் மதர்போர்டே உத்தரவு தரத் தொடங்கியது. சுவரில் சுவிட்ச் போட்டிருக்கும்வரை ஊதா நிற ஒயரில் 5 வோல்ட் எப்போதும் விழித்திருக்கும். பச்சை ஒயரைத் தரையோடு இணைத்தால் சப்ளை எழும். எல்லா வோல்டேஜும் நிலைபெற்றதும், 100 முதல் 500 மில்லி நொடிக்குள், சாம்பல் ஒயர் வழியாக ‘மின்சாரம் சரி’ என்ற சைகை மதர்போர்டுக்குப் போகும். அந்தச் சைகை வந்தால்தான் பிராசஸர் வேலையைத் தொடங்கும்.

சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளும் வழியும் இதேபோல் பின்னாளில் வந்ததுதான். 2001-ல் டாம்ஸ் ஹார்டுவேர் இதழ் நடத்திய ஒரு சோதனையில், ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸர்களின் ஹீட் சிங்க்கை வேண்டுமென்றே கழற்றினார்கள். பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பியது. பென்டியம் 3 உறைந்து நின்றது. ஏ.எம்.டி.யின் அத்லான்கள் புகைந்து கருகின. அதன் பிறகு எல்லா நிறுவனமும் பாதுகாப்புச் சுற்றை உள்ளே வைத்தாக வேண்டிய நிலை. ஆகவே தொடங்கும்போதே அணைகிற கம்ப்யூட்டர் பெரும்பாலும் தன்னைக் காப்பாற்றிக்கொண்ட கம்ப்யூட்டர். அணைதல் நோயின் அறிகுறி. நோயைத் தேட வேண்டிய இடம் மின்சாரம், சூடு ஆகிய இரண்டும்தான். மெக்கானிக்கின் தேடல் அங்கே தொடங்கியது தற்செயல் அல்ல.

சரி, அந்தத் தேடலை அவர் எங்கே கற்றார்? 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு தொடங்கியது. சென்னையிலேயே தயாரான டயனோரா, சாலிடேர் பெட்டிகள் நடுத்தர வீடுகளுக்கு வந்தன. 1982-ல் கலர் வந்தது. கலர் டி.வி.யோடு நம் வீடுகளுக்குள் அமைதியாக நுழைந்த இன்னொரு பொருள், கம்ப்யூட்டரில் பின்னாளில் எல்லோரும் பெயர் சொல்லப்போகும் எஸ்.எம்.பி.எஸ். என்ற பவர் சப்ளை. கனமான டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதிலாக, மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கி, நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டி, தேவையான வோல்டேஜுக்கு இறக்கும் சுற்று அது. அதிலும் சுமை மிகுந்தாலோ எங்காவது ஷார்ட் ஆனாலோ தன்னை அணைத்துக்கொள்ளும் குணம் உண்டு. ‘செட் ஆன் ஆகி டிரிப் ஆகிறது’ என்பது கலர் டி.வி. மெக்கானிக்குக் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே தெரிந்த புகார். அவர் என்ன செய்வார்? சுமையைக் கழற்றுவார். எல்.ஓ.டி. டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும் இணைப்பைப் பிரித்துவிட்டு, சப்ளை மட்டும் அணையாமல் நிற்கிறதா என்று பார்ப்பார். நின்றால் கோளாறு சுமையில், நிற்காவிட்டால் சப்ளையில்.

இதற்கு அவருக்குத் துணையாக இருந்தது சீரீஸ் லாம்ப். ஒரு மரப்பலகையில் 100 வாட் குண்டு பல்பு ஹோல்டர், அதோடு தொடராக இணைத்த ஒரு பிளக் சாக்கெட், அவ்வளவுதான். சந்தேகப்படும் பெட்டியை அந்த சாக்கெட்டில் செருகினால், உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுப் பிரகாசத்தில் எரியும். பியூஸ் போகாது, டிரான்சிஸ்டர் வெடிக்காது. உள்ளே எல்லாம் சரியென்றால் பல்பு கணநேரம் மின்னி, உள்ளிருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் நிறைந்ததும் மங்கிப்போகும். பல்பின் அந்த ஒரு மின்னலைப் படிக்கத் தெரிந்தவருக்குப் பெட்டியைத் திறக்காமலே பாதி விஷயம் புரிந்துவிடும். கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ். பழுது பார்த்த மேசைகளில் இதே பலகைதான் இருந்தது. மல்டிமீட்டர், ஈயம் வைக்கும் சால்டரிங் அயர்ன், தூசி ஊதும் புளோயர் ஆகிய எல்லாமே டி.வி. மேசையிலிருந்து இடம் மாறியவை. கம்ப்யூட்டருக்கென்று புதிதாக வந்து சேர்ந்தவை ஒரு ஸ்டார் ஸ்குரூ டிரைவர், பிராசஸரில் தடவும் வெள்ளைப் பேஸ்ட், ராமின் தங்கநிறப் பல்வரிசையைத் தேய்க்க ஒரு பென்சில் ரப்பர் என்ற அளவில்தான்.

கடைத்தெருவும் இதையே சாட்சி சொல்கிறது. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவும் அதைச் சுற்றிய நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெருவும் ரேடியோ, டேப் ரிக்கார்டர், டி.வி. உதிரிபாகங்களுக்காகப் பெயர் பெற்றவை. கம்ப்யூட்டர் வந்தபோது வேறெங்கும் புதிய சந்தை முளைக்கவில்லை. அதே தெருக்கள், அதே கண்ணாடிப் பெட்டிகளில் ராமும் மதர்போர்டும் அடுக்கத் தொடங்கின. ஆவடியில் மின்சார ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, உதிரிபாகம் வாங்கி வந்தவர்கள், அதற்கு முன்பு பிக்சர் டியூப் பேஸும் எல்.ஓ.டி.யும் வாங்க அதே தெருவுக்குப் போனவர்கள்தாம் அல்லது அவர்களிடம் வேலை கற்றவர்கள். பயிற்சித் துறையிலும் இந்த வம்சாவளி தெரிகிறது. 1981-ல் தொடங்கிய என்.ஐ.ஐ.டி. போன்றவை நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தன. ஹார்டுவேர் பயிற்சிக்கென்று ஊரூராகப் பெயர் எடுத்த ஜெட்கிங்கோ 1947-ல் மும்பையில் ரேடியோத் துறையில் தொடங்கிய நிறுவனம்.

இப்போது இடத்துக்கு வருவோம். ஏன் குறிப்பாகச் சென்னையின் மேற்குப் புறநகர்? 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ், 1961-ல் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., அதே 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று வரிசையாக இந்தப் பகுதி இயந்திரங்களின் பகுதியானது. ஆவடித் தொழிற்சாலையின் முதல் விஜயந்தா டாங்கி 1965 முடிவில் வெளியே வந்தது. 1961-ல் வந்த அப்ரென்டிஸ் சட்டம், தொழிற்சாலைகள் இளைஞர்களைச் சேர்த்துப் பயிற்சி தர வேண்டும் என்றது. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன், ஒயர்மேன், ரேடியோ டி.வி. மெக்கானிக் படித்தவர்களுக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. மின்சாரம் பாயும் ஒரு பெட்டியைப் பயமின்றித் திறப்பதும், மீட்டர் வைத்து அளந்த பிறகே முடிவு சொல்வதும் இங்கே தெருவுக்குச் சிலருக்காவது கைவந்த பழக்கம். அப்படிப்பட்ட ஊரில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது தனிக் கலையாகப் பிறக்க வேண்டிய அவசியம் எழவில்லை. இருந்த கலையின் இன்னொரு கிளையாகவே அது வளர்ந்தது.

கம்ப்யூட்டர் வீடுகளுக்கு வந்ததற்கான காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு கம்ப்யூட்டர் கொள்கையைத் தளர்த்தியது. 1997-ல் இந்தியா கையெழுத்திட்ட தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கைப்படி இறக்குமதி வரி படிப்படியாகக் கரைந்தது. 1990களில் ஆவடியைச் சுற்றியே பொறியியல் கல்லூரிகள் முளைத்தன. படிக்கிற பிள்ளைக்கு வீட்டில் ஒரு ‘சிஸ்டம்’ வேண்டும் என்றானது. பிராண்டட் வாங்க முடியாதவர்கள் அசெம்பிள் செய்து வாங்கினார்கள். அன்றைய விதிப்படி, வீட்டுக்கு வரும் மின்சாரம் அறிவித்த வோல்டேஜிலிருந்து 6 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. 1956-ம் ஆண்டு இந்திய மின்சார விதிகள் சொன்னது அது. அதாவது 230 என்றால் 216-க்குக் கீழே போகக்கூடாது. ஆனால் மனைகள் வீடுகளாகும் வேகத்துக்குக் கம்பியும் டிரான்ஸ்ஃபார்மரும் ஈடுகொடுக்காத புறநகரில், லைனின் கடைசி வீட்டுக்கு மாலை நேரத்தில் என்ன வந்து சேரும் என்பதை மங்கிய டியூப் லைட்டே சொல்லிவிடும். ஃபிரிட்ஜுக்கும் டி.வி.க்கும் தமிழ்நாட்டு வீடுகளில் ஸ்டெபிலைசர் ஏன் இவ்வளவு பரவியது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

லோ வோல்டேஜ் கம்ப்யூட்டரைத் தொடங்கும் நேரத்தில்தான் அதிகம் குத்துகிறது என்பதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. சுவிட்ச் போட்ட முதல் சில நொடிகளில்தான் இயந்திரம் மிகுதியான மின்சாரத்தை ஒரே நேரத்தில் கேட்கிறது. ஹார்டு டிஸ்க்கின் தட்டுகள் நின்ற நிலையிலிருந்து நிமிடத்துக்கு 7,200 சுற்றுக்கு ஏற வேண்டும். விசிறிகள் முழுவேகத்தில் சுழலும். சி.டி. டிரைவ் தன்னைச் சோதித்துக்கொள்ளும். பக்கத்திலேயே பழைய கண்ணாடிக் குழாய் மானிட்டர் ‘டம்’ என்ற ஒலியோடு தன் காந்தச் சுருளுக்கு ஒரு வீச்சு மின்சாரத்தை இழுக்கும். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உள்ளே இருக்கும் இரண்டு பெரிய கெப்பாசிட்டர்கள் அரைகுறையாக நிரம்பியிருந்தால், இந்தச் சுமையில் 12 வோல்ட் தடுமாறும். அது 11.4-க்குக் கீழே இறங்கினால் வரம்பு மீறல். சாம்பல் ஒயரின் சைகை விலகும், மதர்போர்டு நின்றுபோகும். இந்தக் கணக்கு எதிலும் மென்பொருளுக்கு வேலையில்லை.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும், அது நியாயமானதும்கூட. தெருமுனைக் கடைக்காரர் இவ்வளவையும் யோசித்தா செய்தார்? ராமை மாற்றிப் பார்த்தார், சரியாகவில்லை, எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றிப் பார்த்தார், சரியானது, பில் போட்டார். இதை அறிவு என்பதா, குருட்டாம்போக்கு என்பதா? பொருளை மாற்றிப் பார்ப்பது அறிவில்லாத செயல் என்ற எண்ணத்தில்தான் பிழை இருக்கிறது. நல்லதென்று தெரிந்த ஒன்றை வைத்து, சந்தேகப்படும் ஒன்றை விலக்கிக் காட்டுவது எந்தச் சோதனைக்கூடமும் ஏற்கும் முறை. எதை முதலில் மாற்றுவது என்ற தேர்வில்தான் திறமை இருக்கிறது. தேர்ந்த மெக்கானிக் அதைக் கடிகாரத்தால் முடிவு செய்தார். சுவிட்ச் போட்டு ஒரு நொடிக்குள் அணைந்தால் எங்கோ ஷார்ட்: மதர்போர்டின் அடியில் சிக்கிய ஸ்குரூ, யு.எஸ்.பி. ஓட்டைக்குள் வளைந்து ஒன்றையொன்று தொடும் கம்பிகள், அல்லது எஸ்.எம்.பி.எஸ்.ஸே. ஒவ்வொரு முறையும் தவறாமல் 4 நொடியில் அணைந்தால், முன்பக்க பவர் பட்டன் அழுக்கேறி அமுங்கியபடியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பட்டனை 4 நொடி பிடித்திருந்தால் கட்டாயமாக அணைவது இயந்திரத்தின் விதி. முன்பக்கப் பட்டனின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டின் அந்த இரண்டு பின்களை ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டுத் தொடங்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும். செலவு பத்துக் காசு இல்லை. பத்திருபது நொடியில் தொடங்கி ஒரு நிமிடத்துக்குள் அணைந்தால், அதுவும் உடனே திரும்பப் போட்டால் முன்னைவிடச் சீக்கிரம் அணைந்தால், சூடு. நேரம் ஒரு நாளைப்போல் ஒரு நாள் இல்லாமல் மாறிக்கொண்டே இருந்தால் கெப்பாசிட்டர், இல்லாவிட்டால் வீட்டு மின்சாரம்.

சூட்டுக்கு ஒரு காட்சியைக் கிட்டத்தில் பார்க்கலாம். 2004-ல் இன்டெல் எல்.ஜி.ஏ. 775 என்ற புதிய சாக்கெட்டைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் வந்திருந்த பிரெஸ்காட் பென்டியம் 4, 100 வாட்டை ஒட்டிய சூட்டைக் கக்கும் பிராசஸர். அந்தச் சூட்டை அள்ளும் ஹீட் சிங்க் நான்கு பிளாஸ்டிக் கால்களால் மதர்போர்டில் குத்தி நிறுத்தப்பட்டிருந்தது. ஒவ்வொரு காலிலும் வெள்ளைக் குழாய், அதற்குள் கறுப்பு ஊசி. கறுப்பை அமுக்கினால் வெள்ளை விரிந்து பலகையைக் கவ்விக்கொள்ளும். சில ஆண்டுச் சூட்டில் அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் மொடமொடத்து ஒரு காது உடையும். நான்கில் ஒரு கால் விட்டுக்கொடுத்தாலே போதும், ஹீட் சிங்க் ஓரமாகத் தூக்கிக்கொள்ளும், பிராசஸருக்கும் அலுமினியத்துக்கும் நடுவே காற்று புகும். வெளியிலிருந்து பார்த்தால் விசிறி நன்றாகச் சுற்றுகிறது. எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். விரலால் ஹீட் சிங்க்கை மெல்ல ஆட்டிப் பார்த்தவருக்குத்தான் அது ஆடுவது தெரியும். கழற்றினால் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புபோல் உதிரும். விசிறிக்கு அடியில் தகடுகளின் இடுக்கை அடைத்துக்கொண்டு துணிபோல் ஒரு தூசிப்படலம் உரிந்து வரும். பழையதைத் துடைத்து, புதுப் பேஸ்டைப் பயறளவு வைத்து, காலை மாற்றினால் அந்த இயந்திரம் இன்னும் சில ஆண்டுகள் ஓடும்.

இன்னொரு மறுப்பு அசெம்பிள் செய்த பெட்டிகளைப் பற்றியது. மலிவுப் பொருளை வாங்கிவிட்டு மின்சாரத்தைக் குறை சொல்லலாமா என்பார்கள். மலிவு எஸ்.எம்.பி.எஸ். ஒரு காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. மேலே 450 வாட் என்று ஒட்டியிருக்கும், உள்ளே அதில் பாதிக்கான சரக்குகூட இருக்காது. கையில் தூக்கினாலே எடை காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் விலையுயர்ந்த பெயர்களும் இதே நோயில் விழுந்தன என்பதற்கு ஆவணம் இருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் உலகமெங்கும் மதர்போர்டுகளின் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் வீங்கி வெடித்தன. தாய்வானில் தயாரான சிலவற்றில் உள்திரவத்தின் கலவை பிசகியிருந்தது. திருட்டுக் குறிப்பைப் பார்த்துச் செய்ததால்தான் இப்படி என்ற கதை பரவியது. அது கடைசிவரை நிரூபணமாகவில்லை. டெல் நிறுவனத்தின் ஆப்டிபிளெக்ஸ் வரிசையில் பழுதானவையோ பெயர்பெற்ற ஜப்பானிய நிறுவனமான நிச்சிகானின் கெப்பாசிட்டர்கள். அவற்றைச் சரிசெய்ய 2005-ல் டெல் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. 2003 மே முதல் 2005 ஜூலை வரை 1 கோடியே 18 லட்சம் இயந்திரங்கள் இந்த அபாயத்தோடு அனுப்பப்பட்டன என்று அமெரிக்க நீதிமன்ற ஆவணங்கள் பின்னர் காட்டின. அமெரிக்க அலுவலகத்தின் குளிரூட்டிய அறையிலேயே வீங்கியவை, சென்னைப் புறநகரின் தளம் போட்ட மாடியறையில் என்ன பாடுபட்டிருக்கும்? இத்தகைய கெப்பாசிட்டரின் ஆயுள், சூடு 10 டிகிரி கூடினால் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது மின்னணுத் துறையின் பொதுக் கணக்கு. 2003 மே 31-ல் சென்னை 45 டிகிரியைத் தொட்டது.

பிராண்டட் பெட்டி வைத்திருந்தவருக்கு மதர்போர்டையே மாற்றச் சொன்னார்கள். தெருமுனை மெக்கானிக்கோ பிராசஸரைச் சுற்றி நிற்கும் அந்தச் சின்ன உருளைகளின் தலையைப் பார்ப்பார். தலையில் சிலுவைபோல் கீறல் இருக்கும். நலமானது தட்டையாக இருக்கும், கெட்டது குடைபோல் மேலெழும், சில சமயம் பழுப்புக் கசிவும் தெரியும். அதே கொள்ளளவில், வோல்ட் அளவு குறையாமல், 105 டிகிரி தாங்குவதாகப் பார்த்து வாங்கி, ஈயத்தை இளக்கிப் பழையதை உருவி, மைனஸ் கோட்டைத் திசை பார்த்துப் புதியதை வைப்பார். டி.வி. போர்டில் அவர் நூறு முறை செய்த வேலை இது. கம்ப்யூட்டர் என்பதால் கை நடுங்கவில்லை, அவ்வளவுதான். என் வாதத்துக்கு இதைவிட நேரான ஆதாரம் வேண்டியதில்லை.

வைரஸை விட்டுவிட்டீர்களே என்று கேட்பார்கள். 2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர், விண்டோஸ் எக்ஸ்.பி. கம்ப்யூட்டர்களைத் தானாக அணையச் செய்தது உண்மை. ஆனால் அது அணைந்த விதம் வேறு. 60 நொடி பின்னோக்கி எண்ணும் ஒரு பெட்டி திரையில் வரும், பிறகே அணையும். அதுவும் விண்டோஸ் முழுதாக எழுந்து இன்டர்நெட்டில் இணைந்த பிறகு. முன்னறிவிப்பில்லாமல் கரண்ட் போனதுபோல் அணைவதும், எண்ணிக் காட்டிவிட்டு அணைவதும் வேறு வேறு நோய்கள். இரண்டையும் பிரிக்க எளிய வழி இருந்தது: தொடங்கியதும் டெலிட் விசையை அழுத்தி பயாஸ் திரையில் நிறுத்திவிடுவது. அங்கே விண்டோஸும் இல்லை, வைரஸும் இல்லை. அந்த நீலத் திரையிலேயே அணைந்தால் குற்றவாளி ஹார்டுவேர். பிராசஸரின் சூடு எத்தனை டிகிரி, 12 வோல்ட் எங்கே நிற்கிறது என்பதையும் அதே திரையின் ஒரு பக்கம் காட்டிவிடும். இதைச் செய்யாமல், எந்தப் புகாருக்கும் ‘ஃபார்மட் போட்டுடலாம்’ என்ற கடைகள் இருந்தன, நிறையவே இருந்தன. ஃபார்மட்டில் அழிந்த கல்யாணப் படங்களும் புராஜெக்ட் அறிக்கைகளும் எத்தனையோ. அந்தக் கடைகளின் குறை, மின்சாரத்தை மறந்துவிட்டு மென்பொருளிலிருந்து தொடங்கியதுதான். என் வாதத்தை அவர்கள் எதிர்த்திசையிலிருந்து உறுதிப்படுத்துகிறார்கள்.

2008-க்குப் பிறகு மின்வெட்டு இந்தக் கதையை இன்னும் சிக்கலாக்கியது. 2012-ல் சென்னைக்கு நாளுக்கு 2 மணி நேரம் அறிவித்து வெட்டினார்கள். சென்னைக்கு வெளியே அது பல மணி நேரமாக நீண்டது. வீட்டுக்கு வீடு யு.பி.எஸ். வந்தது. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி வைத்த சின்னப் பெட்டி. கரண்ட் போனால் வேலையைச் சேமித்துவிட்டு அணைக்கப் பத்து நிமிடம் தரும் என்பது ஏற்பாடு. ஒரு நாளில் பல முறை காலியாகிப் பாதி நிரம்பிய பேட்டரி இரண்டு ஆண்டில் சோர்ந்தது. காப்பாற்ற வந்த யு.பி.எஸ்.ஸே பிறகு இந்தப் புகாருக்குக் காரணமானது. லோ வோல்டேஜைப் பார்த்ததும் அது பேட்டரிக்கு மாறும், தொடக்கச் சுமையைச் செத்த பேட்டரி தாங்காது, ‘கீ’ என்று கத்திவிட்டு எல்லாம் அணையும். கம்ப்யூட்டரைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே நன்றாக ஓடும். வீட்டுக்கு வந்தால் மறுபடி அணையும். வீட்டுக்கே போய்ப் பார்க்கும் மெக்கானிக்கின் மதிப்பு இங்கேதான் தெரிந்தது. அவர் முதலில் யு.பி.எஸ்.ஸை விலக்கிவிட்டு நேராகச் சுவரில் செருகுவார். பிறகு பிளக் பாயின்டில் மீட்டர் வைப்பார். பிறகு எர்த் இருக்கிறதா என்று டெஸ்டர் பல்பை ஃபேஸ் கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே போட்டுப் பார்ப்பார். கேபினெட்டைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்ற தனிப் புகாருக்கும் எர்த் இல்லாத அந்த மூன்றாவது ஓட்டைதான் விடை.

மேசைக் கம்ப்யூட்டரின் காலம் சாய்ந்த நாளுக்கு இந்த மாவட்டத்திலேயே ஒரு தேதி இருக்கிறது. கோவில்பதாகை அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில்தான் 2011 செப்டம்பர் 15-ல் மாணவர்களுக்கான இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. மடிக்கணினிக்குள்ளேயே பேட்டரி இருக்கிறது. லைன் வோல்டேஜ் ஆடினாலும் அது ஆடாது. 2014 ஏப்ரலில் எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியதும் பழைய பெட்டிகள் பல பரணுக்குப் போயின. கடைகள் சிசிடிவி பொருத்துவதற்கும் செல்போன் பழுதுக்கும் திரும்பின. அத்தோடு அந்த அறிவும் காலாவதியானது என்பார்கள் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்.இ.டி. டி.வி., வாஷிங் மெஷின் போர்டு, இன்வெர்ட்டர் ஏ.சி. எல்லாவற்றிலும் எஸ்.எம்.பி.எஸ். இருக்கிறது, கெப்பாசிட்டர் இருக்கிறது, ஆன் ஆகி அணையும் பழக்கமும் இருக்கிறது.

மாறியது வேறொன்று. பழைய டி.வி.யின் சர்க்யூட் படம் மெக்கானிக்குக் கிடைத்தது. ரிச்சி தெருவில் அந்தப் படங்களைத் தொகுத்த புத்தகங்களே விற்றன. 1981-ன் ஐ.பி.எம். பி.சி.க்கும் ஐ.பி.எம். வெளியிட்ட தொழில்நுட்பக் கையேட்டில் முழுச் சுற்றுப் படமும் பயாஸின் நிரல் வரிகளும் அச்சாகியிருந்தன. அதன் பிறகு வந்த மதர்போர்டுகளுக்குத் தயாரிப்பாளர்கள் அந்தப் படத்தைத் தருவதில்லை. மெக்கானிக் படமில்லாமல், பழக்கத்தையும் மீட்டரையும் நம்பியே வேலை செய்தார். மாற்றிப் பார்க்கும் முறை இங்கே இவ்வளவு வேரூன்றியதற்கு அவருடைய கல்விக் குறையைவிட இந்த மறைப்பே பெரிய காரணம். மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு குழு அமைத்து, அதே டிசம்பரில் ஓர் இணையதளத்தையும் திறந்தது. நிறுவனங்கள் தங்கள் சேவை விவரங்களை அதில் தர வேண்டும் என்பது ஏற்பாடு. வாடிக்கையாளர் சேவை எண்ணும் வாரன்டி விதிகளும் அதில் கிடைத்தால் வாங்கியவருக்குப் பயன். ஆவடியில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவருக்குத் தேவை, எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்று காட்டும் சுற்றுப் படம்.